கற்பனைக் காசு, கள்ளக்காசு, நகல்: சேகரிப்பில் எதற்கு இடம் தரலாம்?

சென்னையில் பழைய காசு விற்கிற எந்த இடத்துக்குப் போனாலும் அந்த 1818ஆம் வருடத்துச் செப்புக்காசு கண்ணில் பட்டுவிடும். ஒரு பக்கம் சஞ்சீவி மலையைத் தூக்கிக்கொண்டு பறக்கும் அனுமன், அல்லது ராமர் பட்டாபிஷேகம், அல்லது தாமரையில் லட்சுமி. மறுபக்கம் ஆங்கில எழுத்தில் ‘ஈஸ்ட் இண்டியா கம்பெனி’, அதோடு ‘ஹாஃப் அணா’ அல்லது ‘ஒன் அணா’. பூஜை அறையில் வைத்தால் செல்வம் சேரும் என்று வாங்குகிறவர்கள் உண்டு. என்றைக்காவது லட்ச ரூபாய்க்குப் போகும் என்று துணியில் சுற்றிப் பத்திரப்படுத்துகிறவர்களும் உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனி அப்படி ஒரு காசை அடிக்கவே இல்லை.

சரி, அடிக்கவில்லை. அதற்காகக் குப்பையில் போட்டுவிடுவதா, ஆல்பத்தில் தனிப்பக்கம் ஒதுக்குவதா? காசு சேர்க்கிற இரண்டு பேர் ஒரு மேசையில் உட்கார்ந்தால் இந்தப் பேச்சு எப்படியும் வந்துவிடும், பெரும்பாலும் குரல் உயர்ந்துதான் முடியும். “அசலே இல்லாத காசுக்குப் போலி எப்படி இருக்கும்? இது ஒரு மெடல், அவ்வளவுதான்” என்பது ஒரு கட்சி. “வாங்குகிறவனை ஏமாற்றினால் அது கள்ளக்காசு, அசல் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன” என்பது எதிர்க்கட்சி. நான் இரண்டாவது கட்சிக்குப் பக்கத்தில் நிற்கிறேன். ஆனால் அவர்களைப் போல எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட எனக்கு மனம் வரவில்லை.

புதிதாகச் சேர்க்கத் தொடங்குகிறவர்களுக்கும், அப்பாவோ தாத்தாவோ விட்டுப்போன தகர டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு திகைக்கிறவர்களுக்கும் முன்னால் இருக்கிற வழிகள் நான்கு. இந்த 1818 காசைப் போல அசலே இல்லாமல் செய்த கற்பனைக் காசுகளையும் ஒரு வகையாகச் சேர்க்கலாம். அந்தந்தக் காலத்திலேயே சந்தையில் புழங்கிய பழைய கள்ளக்காசுகளைத் தேடிச் சேர்க்கலாம். நகல் என்று உலோகத்திலேயே முத்திரை குத்திய நகல்களை வைத்துக்கொள்ளலாம். இவை எதுவும் வேண்டாம் என்று அசலோடு நின்றுவிடலாம். நான்கையும் எடைபோட நான் ஒரே ஒரு கேள்வியைத்தான் வைத்துக்கொள்கிறேன்: இன்று கையில் வைத்திருப்பவருக்கு அது என்னவென்று தெரியும், அவர் கையைவிட்டுப் போன பிறகு, அதோடு இருந்த சீட்டும் தொலைந்த பிறகு, அடுத்த கையில் அந்தக் காசு என்னவாகும்?

முதலில் அந்த 1818. இதில் சென்னைக்காரர்களுக்குச் சொல்ல நிறையவே இருக்கிறது. “வெள்ளைக்காரன் சாமி படம் போட்டுக் காசு அடிப்பானா?” என்று கேட்டு அதைப் போலி என்று நிரூபிக்கப் பார்க்கிறார்கள் சிலர். அடித்தான், அதுவும் இந்த ஊரிலேயே. கம்பெனியின் நட்சத்திர வராகனில் ஒரு பக்கம் விஷ்ணு, மறுபக்கம் ஐந்து முனை நட்சத்திரம். மூன்று சாமி வராகனில் பெருமாள் இரு தேவியரோடு நிற்பார். 1808ஐ ஒட்டி மெட்ராஸ் நாணயச்சாலையில் அடித்த வெள்ளி அரை வராகனில் ஒரு பக்கம் நட்சத்திரங்கள் சூழ்ந்த கோபுரம், மறுபக்கம் விஷ்ணு. மதிப்பைத் தமிழிலும் தெலுங்கிலும் எழுதியிருப்பார்கள். உள்ளூர் வியாபாரி எந்தக் காசை நம்பி வாங்குவானோ அந்தக் காசை அடித்தால்தான் கம்பெனிக்குப் பிழைப்பு. ஆகவே, சாமி உருவம் இருக்கிறது என்பது அனுமன் காசுக்கு எதிரான சாட்சியாகாது. கற்பனைக் காசை அடித்தவர்கள் பலம் பெறுவதே இந்த அரை உண்மையில்தான்.

சாட்சி வேறு இடத்தில் இருக்கிறது. மெட்ராஸில் அப்போது கணக்கு வராகன், பணம், காசு என்றுதான் ஓடியது: ஒரு வராகனுக்கு 42 பணம், ஒரு பணத்துக்கு 80 காசு. இங்கே புழங்குவதற்காக 1803லும் 1808லும் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் உள்ள சோஹோ நாணயச்சாலையில் அடித்து அனுப்பிய செப்புக்காசுகளில் ‘எக்ஸ்எக்ஸ் கேஷ்’, ‘எக்ஸ் கேஷ்’ (ரோமன் எண்ணில் 20 காசு, 10 காசு) என்றுதான் இருக்கும், கூடவே பாரசீக எழுத்து. அணா என்ற பேச்சே கிடையாது. மெட்ராஸ் மாகாணம் வராகனை விட்டுவிட்டு ரூபாயை அடிப்படை நாணயமாக ஏற்றதே 1818இல்தான். கம்பெனி ஆண்ட பகுதிகள் எல்லாவற்றுக்கும் ஒரே நாணய முறை என்பது 1835ஆம் வருடத்து 17ஆவது சட்டத்தோடு வந்தது. மாலை வளையத்துக்குள் ‘ஹாஃப் அணா’, சுற்றிலும் கம்பெனியின் பெயர் என்கிற அமைப்பு அந்த 1835 காசினுடையது. அதாவது 17 வருடம் கழித்து வரப்போகும் ஒரு காசின் முகத்தை 1818இன் மேல் ஒட்டியிருக்கிறார்கள். சிலவற்றில் 1616, 1717 என்றுகூட வருடம் போட்டிருக்கும். லாபம் தேடிய கை எந்த எண்ணையும் விட்டுவைக்கவில்லை.

அனுமன் காசு ஒன்றை லூப் என்கிற சின்னப் பூதக்கண்ணாடியின் கீழே வைத்துப் பாருங்கள். அனுமனின் முகத்தில் கண் இருக்க வேண்டிய இடம் வழவழவென்று மழுங்கியிருக்கும். ஆனால் அந்த மொழுக்கு தேய்மானத்தால் வந்ததாக இருக்காது. கைமாறித் தேய்ந்த காசில் மேடான இடங்கள்தான் முதலில் தேயும்: முழங்கால், தோள், கதையின் தலை. பள்ளத்தில் இருக்கும் எழுத்தின் அடிப்பகுதி கூர்மையாகவே மிஞ்சும். இதிலோ மேடும் பள்ளமும் ஒரே அளவில் மழுங்கிக் கிடக்கும். எழுத்துகளின் இடுக்கில் பொடிப்பொடியாகக் குமிழிகள். விளிம்பைச் சுற்றி நகத்தால் வருடினால் சில காசுகளில் மெல்லிய கோடு ஒன்று தட்டுப்படும். வார்ப்பு அச்சின் இரண்டு பாதிகள் சேர்ந்த இடம் அது. மேலே படிந்த கறுப்பு, சோப்புத் தண்ணீரில் பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்தாலே போய், உள்ளே மஞ்சள் பித்தளை எட்டிப் பார்ப்பதும் உண்டு. இதில் எதையும் கற்றுக்கொள்ள நிபுணராக வேண்டியதில்லை. ஒரே ஒரு அசல் கால் அணாவை வாங்கி வைத்துத் திரும்பத் திரும்பப் பார்த்தால் போதும்.

இந்த வகைக்கு ஆதரவாகவும் நியாயமான ஒரு வாதம் உண்டு. நம் நாட்டில் கோயில் டோக்கன் என்ற பழைய மரபு இருக்கிறது. ராமடங்கா என்று அழைக்கப்படும், ராமர் பட்டாபிஷேகக் காட்சி பொறித்த வட்டங்களைப் பக்தர்கள் பூஜைக்காக வாங்கி வைத்திருக்கிறார்கள். அவற்றில் உண்மையிலேயே பழையவை நாணயவியலில் மரியாதையோடு பேசப்படுகின்றன. அனுமன் காசையும் அந்த வழியில் வந்ததாக ஏன் பார்க்கக் கூடாது என்று கேட்கிறார்கள். பார்க்கலாம், அதில் ‘ஈஸ்ட் இண்டியா கம்பெனி’ என்று இல்லாவிட்டால். பக்திக்கு அந்த வரி எதற்கும் தேவையில்லை. விற்பனைக்கு மட்டும்தான் தேவை.

இதே சண்டை அமெரிக்காவில் இன்னும் நுட்பமாக நடக்கிறது. அங்கே 1965இல் டென்வர் நாணயச்சாலை, 1964 என்று வருடமிட்ட ‘பீஸ் டாலர்’ வெள்ளிக்காசுகள் 316,076 அடித்தது. ஒன்றைக்கூட வெளியே விடாமல் அத்தனையையும் உருக்கிவிட்டார்கள். பல வருடம் கழித்து டேனியல் கார் என்பவர், 2001ஆம் வருட நியூயார்க், ரோட் ஐலண்ட் கால் டாலர்களுக்கு வடிவம் தந்த கலைஞர், அசல் பீஸ் டாலர்களை எடுத்து அவற்றின் மேலேயே 1964 அச்சை மறுபடி அடித்து விற்றார். ஒளிவுமறைவு இல்லாமல், தான்தான் அடித்தேன் என்று சொல்லி விற்றார். உலோகம் அரசுடையது, எடை சரி, அந்த வருடக் காசு எதுவும் யார் கையிலும் இல்லை, ஆகவே யாருக்கும் நஷ்டமில்லை என்பது அவர் பக்க வாதம். அங்கே 1973ஆம் வருடச் சட்டம் ஒன்று, நாணய நகல்களில் ‘காப்பி’ என்று அழியாமல் பொறிக்க வேண்டும் என்கிறது. மேலடி அடித்ததற்கும் அது பொருந்தும் என்கிறார்கள் எதிர்ப்பவர்கள். அசல் காசைத் திருத்தியதுதானே, நகல் எங்கே வந்தது என்கிறார்கள் ஆதரிப்பவர்கள்.

அவருடைய வேலைப்பாட்டை நான் மதிக்கிறேன். மனமறிந்து வாங்கியவர்கள் ஏமாறவில்லை என்பதும் உண்மை. இருந்தாலும் அந்த மனிதரின் பெயரும் விளக்கமும் காசின் மேல் இல்லை. முப்பது வருடம் கழித்து, விஷயம் தெரியாத ஒரு பேரன் அதை ஒரு கடையில் நீட்டும்போது என்ன நடக்கும்? ஒன்று அவன் ஏமாறுவான், அல்லது அவனிடமிருந்து வாங்குகிறவர் ஏமாறுவார். முதல் விற்பனை எவ்வளவு நேர்மையாக இருந்தாலும் இரண்டாவது விற்பனையைக் காப்பாற்ற அதால் முடியாது.

நம் ஊரில் முதல் விற்பனையிலேயே நேர்மை இருப்பதில்லை. ஒரு கண்காட்சியில் என் பக்கத்தில் நின்ற கல்லூரிப் பையன் லட்சுமி காசைக் கையில் எடுத்து, “அண்ணே, இது ஒரிஜினலா?” என்று கேட்டான். “கம்பெனி காசு தம்பி. வருஷம் போட்ருக்கு பாரு.” “எவ்ளோண்ணே?” “உனக்குன்னா ஐந்நூறு.” ஒரிஜினல் என்ற வார்த்தையைக் கடைக்காரர் வாயால் சொல்லவே இல்லை என்பதைக் கவனியுங்கள். பையன் பணத்தை எடுத்துவிட்டான். நான் தடுத்தேன், கடைக்காரருக்கு என் மேல் கோபம். அவர் எனக்குப் பல வருடப் பழக்கம் உள்ளவர்தான், நல்ல அசல் காசுகளும் அவரிடம் கிடைக்கும். அந்தத் தட்டில் ஒரு துண்டுக் காகிதத்தில் ‘பக்தி டோக்கன், புதுசு’ என்று எழுதி வைத்திருந்தால் எனக்கும் அவருக்கும் பேச்சே வந்திருக்காது. பையன் ஐம்பது ரூபாய்க்குச் சந்தோஷமாக வாங்கிப் போயிருப்பான்.

சட்டம் இங்கே பாதித் தூரம்தான் வருகிறது. பழைய இந்திய தண்டனைச் சட்டம், புழக்கத்திலிருந்து போய்விட்ட ஃபரூக்காபாத் ரூபாயும் இந்திய நாணயம்தான் என்று உதாரணமே காட்டியிருந்தது. அசல் இருந்தால்தான் அந்த உதாரணம் உதவும், இல்லாத ஒரு காசுக்கு எதைக் காட்டுவது? 2024 ஜூலை 1 முதல் அந்த இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா இருக்கிறது. கற்பனைக் காசை அடித்தவரைக் கள்ளக்காசுப் பிரிவில் பிடிப்பது கடினம். ‘கம்பெனி காலத்துக் காசு’ என்று நம்ப வைத்து விற்றால் அது மோசடி. ஆனால் ஐந்நூறு ரூபாய்க்காக யார் காவல் நிலையம் போகப் போகிறார்கள்?

இரண்டாவது வழிக்கு வருகிறேன், என் மனசுக்குப் பிடித்தது இதுதான். அந்தந்தக் காலத்திலேயே சந்தையை ஏமாற்றப் புழங்கிய கள்ளக்காசு ஒரு வரலாற்று ஆவணம். 1898இல் புதுக்கோட்டை சமஸ்தானத்தில் 501 ரோமானியப் பொற்காசுகள் கொண்ட புதையல் கிடைத்தது. அவற்றில் பெரும்பாலானவற்றில் பேரரசரின் தலை மேல் உளியால் ஒரு வெட்டு. ஏன் வெட்டினார்கள் என்பதில் அறிஞர்களிடையே ஒரே கருத்து இல்லை. இனி இது நாணயமாகச் செல்லக் கூடாது என்பதற்கான அடையாளம் என்பது ஒரு விளக்கம். அந்த ரோமானியக் காசுகள் வந்த காலத்தை ஒட்டித் தென்னாட்டில் ரோமானியக் காசுகளைப் பார்த்து உள்ளூரில் செய்த சாயல் காசுகளும் கிடைத்திருக்கின்றன. எழுத்துத் தெரியாத கை, லத்தீன் எழுத்துகளை வெறும் கோடுகளாகப் போட்டிருக்கும். அதைச் செய்தவருக்கு ஏமாற்றும் எண்ணம் இருந்ததா, அல்லது காசுத் தட்டுப்பாட்டுக்கு வழி தேடினாரா, தெரியாது. ஆனால் அந்த உலோகத்தில் ஒரு சந்தையின் மூச்சு இருக்கிறது. அனுமன் காசில் அது இல்லை. எந்தச் சந்தையிலும் அதைக் கொடுத்து யாரும் ஒரு படி அரிசி வாங்கியதில்லை.

பிரிட்டிஷ் இந்திய ரூபாய்களில் அந்தக் காலத்துப் போலிகள் தாராளமாகக் கிடைக்கும். ஈயம் கலந்தவை, வெள்ளி முலாம் போட்டவை. அவற்றில் காசு மாற்றிக் கொடுக்கும் சராப்புகள் சோதித்துப் பார்த்த வெட்டுத் தழும்பு இருந்தால் அதுவே தனி அழகு. விக்டோரியா ரூபாயின் கன்னத்தில் ஓர் ஆழமான கீறல், அதற்குள்ளே செம்பின் நிறம்: ஒரு காசு பிடிபட்ட கணம் அது. உலக அளவிலும் இதற்கு நல்ல முன்மாதிரி உண்டு. 16ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் பாதுவா நகரத்தில் ஜியோவானி தா கவினோ செய்த ரோமானிய பாணிப் பதக்கங்களை இன்று அவருடைய பெயராலேயே சேர்க்கிறார்கள். 1830இல் இறந்த ஜெர்மானியர் கார்ல் வில்ஹெல்ம் பெக்கரின் போலிகளுக்கும் தனி அட்டவணை உண்டு. எவர் செய்தது, எந்த அச்சில் செய்தது என்று முழுக்கப் பதிவாகிவிட்டதால் அவை யாரையும் ஏமாற்றும் வலிமையை இழந்துவிட்டன.

இந்த வழியில் இரண்டு ஆபத்துகள். ஒன்று, பழைய கள்ளக்காசு என்ற பெயரிலேயே நேற்று வார்த்ததையும் விற்கிறார்கள். விலை கிடைக்கும் இடத்தில் எல்லாம் இது நடக்கும். இன்னொன்று கடுமையானது: இன்று புழக்கத்தில் இருக்கிற காசின் போலியைச் சேர்ப்பது. போலிப் பத்து ரூபாய்க் காசு கிடைத்தது, சுவாரஸ்யமாக இருக்கிறது, வைத்துக்கொள்கிறேன் என்று இறங்காதீர்கள். போலி என்று தெரிந்தே, அசலாகப் பயன்படும் நோக்கத்தோடு வைத்திருப்பது குற்றம். உங்கள் நோக்கத்தை நீங்கள் விளக்கிக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும். அதோடு, பத்து ரூபாய்க் காசு செல்லாது என்று தமிழ்நாட்டுக் கடைகளிலும் பஸ்களிலும் எத்தனை வருடம் வாங்க மறுத்தார்கள் என்பது நமக்குத் தெரியும். 14 வடிவங்களும் செல்லும் என்று 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கி அறிவித்த பிறகும் அந்தப் பயம் லேசில் போகவில்லை. போலி என்ற சந்தேகம் அசல் காசைக்கூடச் செல்லாக்காசாக்கிவிடும்.

மூன்றாவது வழியான முத்திரையிட்ட நகல், சேகரிப்பாளர்கள் மத்தியில் மதிப்பில்லாத ஒன்று. அது தவறு என்று நினைக்கிறேன். சங்ககாலப் பாண்டியரின் பெருவழுதிக் காசை, தமிழ்-பிராமி எழுத்தும் குதிரையும் மீன் சின்னமும் உள்ள அந்தச் சின்னச் சதுரச் செம்பை, எத்தனை மாணவர்கள் கையில் தொட்டுப் பார்த்திருப்பார்கள்? சேரர்களின் மாக்கோதை, குட்டுவன் கோதை வெள்ளிக்காசுகள் அதைவிட அரியவை. நாணயவியலாளர் இரா. கிருஷ்ணமூர்த்தி போன்றவர்கள் தேடி எடுத்துப் பதிப்பித்ததால்தான் அவற்றைப் பற்றியே தமிழர்கள் பலருக்குத் தெரியும். இந்தக் காசுகளின் அசலை நடைபாதையில் தேடுவது இரட்டைப் பாவம். ஒன்று போலியாக இருக்கும், அல்லது ஏதோ ஓர் ஆற்றுப்படுகையிலிருந்து பதிவே இல்லாமல் தோண்டி எடுத்ததாக இருக்கும். கரூர் அமராவதி மணலில் கிடைத்த காசுகள் எந்த அடுக்கில், எதோடு சேர்ந்து கிடைத்தன என்ற தகவல் பெரும்பாலும் தொலைந்தே போய்விட்டது. பள்ளி ஆசிரியர் ஒருவர் என்னிடம் கேட்டால் நான் நகலைத்தான் சொல்வேன்: நல்ல வார்ப்பு, சரியான அளவு, பின்புறத்தில் ‘நகல்’ என்று ஆழமாகப் பொறித்தது. இது எத்தனை கை மாறினாலும் யாருக்கும் பொய் சொல்லாது.

நான்காவது, அசல் மட்டும். இதைச் சொன்னதும் “அவ்வளவு பணம் யாரிடம் இருக்கிறது?” என்பார்கள். பணம் இல்லாததால்தான் கற்பனைக் காசு வாங்குகிறோம் என்பது கணக்குத் தெரியாத பேச்சு. முதலாம் ராஜராஜன் பெயர் நாகரியில் பொறித்த செப்புக்காசு, ஒரு பக்கம் நிற்கும் உருவம், மறுபக்கம் அமர்ந்த உருவம், சாதாரண நிலையில் இன்றைக்கும் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். ஆயிரம் வருடம் பழசு. பிரிட்டிஷ் இந்தியக் கால் அணாக்கள் அதைவிட மலிவு. 1808ஆம் வருட எக்ஸ்எக்ஸ் கேஷ் காசுகளுக்கு ஒரு கதையே இருக்கிறது: அவற்றை ஏற்றிக்கொண்டு மெட்ராஸுக்குக் கிளம்பிய ‘அட்மிரல் கார்ட்னர்’ கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையை ஒட்டிய குட்வின் மணல்திட்டில் சிக்கி மூழ்கியது. 1980களில் அந்தக் காசுகளைக் கடலுக்கு அடியிலிருந்து குவியல் குவியலாக எடுத்தார்கள். நம் ஊர்க் கடைத்தெருவில் புழங்குவதற்காகக் கிளம்பி வந்து சேராத காசு அது. அந்தப் பையன் கொடுக்க இருந்த ஐந்நூறைச் சேர்த்து வைத்தால் இவற்றில் ஏதாவது ஒன்று அவன் கைக்கு வந்துவிடும்.

புதுக்காசு பிடிக்குமென்றால் அரசு நாணயச்சாலைகள் வெளியிடும் நினைவு நாணயங்கள் இருக்கின்றன. தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டுக்காக 2010இல் 1000 ரூபாய் நாணயமே வந்தது. 2023இல் வந்த புதிய நாடாளுமன்ற 75 ரூபாய் நாணயம் 35 கிராம் எடை, 44 மில்லிமீட்டர் அகலம், பாதி வெள்ளி. இவை புழக்கத்துக்கு வருவதில்லை என்பதால் ‘இதுவும் கற்பனைக் காசுதானே’ என்று வாதாடுகிற நண்பர்கள் உண்டு. அரசிதழில் அறிவித்து, சட்டப்படி வெளியிட்ட காசுக்கும், ஏதோ ஒரு பட்டறையில் வார்த்ததற்கும் வித்தியாசம் தெரியவில்லை என்றால் அந்தப் பேச்சை நான் வளர்ப்பதில்லை. இவற்றையும் நகலெடுத்து விற்கிறார்கள். அதனால் வாங்கும்போது நாணயச்சாலையின் பெட்டியும் சீட்டும் இருக்கிறதா என்று பாருங்கள், காசை எடையும் போடுங்கள்.

அசலைத் தேர்ந்தெடுத்தால் சோதிக்கக் கற்றுக்கொண்டே ஆக வேண்டும். விக்டோரியாவிலிருந்து 1939 வரை ரூபாயின் எடை 11.66 கிராம், ஆயிரத்துக்கு 917 பங்கு வெள்ளி. 0.01 கிராம் காட்டும் சின்னத் தராசு ஒன்று வாங்குங்கள். தராசின் மேல் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்து, எண்ணைப் பூஜ்யமாக்கி, காசை நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள். நல்ல ரூபாய் என்றால் சுமார் 1.13 கிராம் காட்டும். வெள்ளியே இல்லாத ஜெர்மன் சில்வர் கலவையில் அதே எடைக்குச் செய்த போலி 1.35ஐ ஒட்டிக் காட்டும். காந்தத்தைக் கண்மூடி நம்ப வேண்டாம்: வெள்ளி ஒட்டாது, ஆனால் 1947ஆம் வருடத்துப் புலி போட்ட ரூபாய் சுத்த நிக்கல், ஒட்டத்தான் செய்யும். என்.எஸ்.சி. போஸ் சாலையில் நகைக்கடைகளை ஒட்டி உலோகம் பார்த்துச் சொல்லும் இயந்திரம் வைத்திருக்கிறார்கள்; கீறல் விழாமல் வெள்ளி எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

ஆனால் 1939ஆம் வருட ரூபாய் போன்ற அரிய காசில் உலோகச் சோதனை உங்களைக் கைவிட்டுவிடும். விலை வெள்ளிக்கு இல்லை, அந்த 9க்குத்தான். ஆகவே போலி செய்கிறவன் நல்ல வெள்ளியையே போடுவான், அல்லது 1938ஆம் வருட ரூபாயில் 8ஐ 9 ஆக்கப் பார்ப்பான். அந்த எண்ணைச் சுற்றியுள்ள தளத்தைச் சாய்வான வெளிச்சத்தில் பாருங்கள். சுரண்டிய இடம் தனியாக மின்னும். ஒரே அசலைப் பிரதியெடுத்து அச்சு செய்திருந்தால் அந்த அசலில் இருந்த கீறல்கூட எல்லாப் போலியிலும் அதே இடத்தில் வரும். இரண்டு காசில் ஒரே தழும்பு ஒரே இடத்தில் இருந்தால் இரண்டையும் வைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். இந்த மாதிரிக் காசை முதல் சில வருடம் வாங்கவே வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். வெள்ளிக்கிழமையும் தேசிய விடுமுறைகளும் தவிர்த்து எழும்பூர் அருங்காட்சியகம் திறந்திருக்கும். நாணயக் கூடத்தில் நின்று அசலைப் பார்த்துக் கண்ணைப் பழக்குவது அதிகப் பணம் கேட்காத படிப்பு.

இனி யாருக்கு எது. தாத்தாவின் டப்பாவைப் பிரித்துக்கொண்டிருப்பவர், அதில் அனுமன் காசு இருந்தால் மனம் உடைய வேண்டாம். அவர் அதைப் பூஜைக்காக வைத்திருந்தால் பூஜையிலேயே இருக்கட்டும். லட்சத்துக்கு வாங்குகிறோம், முதலில் கமிஷன் அனுப்புங்கள் என்று யாராவது பேசினால் போனை வைத்துவிடுங்கள். பழைய காசு, நோட்டு விற்பதற்குத் தாங்கள் கட்டணமோ கமிஷனோ கேட்பதில்லை என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்திருக்கிறது. அரிசியை இழுக்கும் காசு, இரிடியம் கலந்த காசு என்று வருகிறவர்களைப் பற்றி நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை; தமிழ்நாட்டில் அதில் கோடிகளை இழந்தவர்கள் இருக்கிறார்கள். அதே டப்பாவில் நூறு வருடத்துக்கு மேற்பட்ட அசல் காசு இருந்தால், 1972ஆம் வருடத் தொல்பொருள் சட்டப்படி அதை நீங்களாக வெளிநாட்டுக்கு எடுத்துப் போக முடியாது என்பதையும் தெரிந்து வைத்திருங்கள்.

பிள்ளைகளுக்கு முத்திரை நகலும் ஒரு ராஜராஜன் காசும் சேர்த்து வாங்கிக் கொடுங்கள். இரண்டையும் கையில் வைத்துப் பார்க்கும்போதுதான் அசலின் கனம் புரியும். வரலாற்றில் ஆர்வம் உள்ளவர், கொஞ்சம் கண் பழகியவர், பழைய கள்ளக்காசுக்குப் போகலாம், அதுவும் புழக்கத்தில் இல்லாத காசுகளில் மட்டும். கற்பனைக் காசைத் தனி வகையாகச் சேர்க்க விரும்புகிறவரை நான் தடுக்க மாட்டேன். எத்தனை அச்சு, எந்தெந்த வருடம், எந்த உலோகம் என்று ஒழுங்காகப் பதிவு செய்தால் மற்றவர்களுக்கு அது பெரிய உதவி. ஒரே நிபந்தனை, முத்திரை குத்திவிட்டுச் சேருங்கள். கண்காட்சி நடத்துகிற சங்கங்களும் இதையே விதியாக வைக்க வேண்டும் என்று கேட்கிறேன்: நகல் முத்திரை இல்லாத கற்பனைக் காசு எந்த மேசையிலும் இருக்கக் கூடாது.

முத்திரை குத்துவது பெரிய வேலை இல்லை. எழுத்து உளி வைத்திருக்கும் எந்த ஆசாரியும் இரண்டு நிமிடத்தில் முடித்துக் கொடுப்பார். சந்தேகம் உள்ள எதையும் கொண்டு போகாதீர்கள்; அசலாக இருந்துவிட்டால் அந்தத் தழும்பை எடுக்க வழியில்லை. 1818 அனுமன் மாதிரி, அசலே இருக்க முடியாது என்று உறுதியானவற்றை மட்டும் எடுத்துப் போங்கள். குத்தும் இடம் விளிம்பாக இருக்க வேண்டாம், காசு வைக்கும் ஹோல்டருக்குள் போட்டால் விளிம்பு மறைந்துவிடும். வருடம் பொறித்த பக்கத்தில், வருடத்துக்கு நேர் மேலே, நடுத்தளத்தில் குத்தச் சொல்லுங்கள்.